பிளாவும் போத்தலும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழைக் கூர்ந்து கேட்பவர்க்கு ஒரு வேடிக்கை புலப்படும். மாலை வேளையில் நகரத்து விடுதியொன்றிலே பியர் அருந்திவிட்டு வருகின்ற ஒருவரைப் பற்றி ஊரார் பேசும்பொழுது, ‘அவர் கொஞ்சம் பியர் எடுத்திருக்கிறார்’ என்பர். அதே மாலையில் பனங்கூடலுக்குள்ளிருந்து கள்ளருந்தி வருபவனைக் கண்டால், ‘உவன் கள்ளடிச்சுப்போட்டு வாறான்’ என்பர். முன்னவர் எடுத்தார், பின்னவன் அடித்தான். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களாயும் இருத்தல் கூடும். ஆயினும் ஒருவர்க்கு மரியாதைப் பன்மையும் மற்றவர்க்கு வெறும் ஒருமையும் வாய்த்தமைக்குக் காரணம், அவரவர் உட்கொண்ட பானத்தின் பெயரேயன்றி வேறில்லை.

மதுவருந்துதல் நன்றென்று நிறுவுவதற்காக நான் இதனை எழுதவில்லை. வள்ளுவர் இப்பொருளுக்கென ஓர் அதிகாரமே வகுத்துவிட்டார். ஆசிரியத் தொழிலில் நெடுநாள் இருந்தவன் அதற்கு மாறாகப் பேசுதல் தகாது. குடியினால் அழிந்த குடும்பங்களையும் நான் கண்டிருக்கிறேன். அவற்றுட் சில பியரினால் அழிந்தவை, சில கள்ளினால் அழிந்தவை. என் ஐயம் வேறு. ஒரு பொருளை நாம் சுவைக்கும்பொழுது நாவு சுவைக்கின்றதா, அப்பொருளின் பெயர் சுவைக்கின்றதா?

முதலிற் பொருளைப் பார்ப்போம். பியர் என்பது முளைகட்டிய பார்லித் தானியத்தை நீரிலிட்டுக் காய்ச்சி, ‘ஹொப்’ என்னும் கொடியின் பூவினாற் கைப்பேற்றி, மதுவத்தை இட்டு நொதிக்கச் செய்த பானம். கள் என்பது பனையின் பாளையைச் சீவ, அதிலிருந்து சொட்டும் இனிய சாறு தானே நொதித்து உண்டாகும் பானம். பாளையிற் கட்டிய முட்டியிலே நேற்றைய கள்ளின் எச்சம் சிறிது ஒட்டியிருக்கும். அதிலுள்ள மதுவமும் பற்றீரியாவும் புதுச்சாற்றிற் பரவித் தம் தொழிலைத் தொடங்கிவிடும். முட்டிக்குள்ளே சுண்ணாம்பு பூசிவிட்டால் நொதித்தல் தடைப்படும். அப்பொழுது இறங்குவது கருப்பநீர். அதிலே மாங்காயை வெட்டிப் போட்டுச் சிறுவர்க்கும் கொடுப்பர், காய்ச்சினாற் பனங்கட்டி. அதே மரம், அதே பாளை, அதே கை. ஒரு விரற் சுண்ணாம்பு இருந்தால் அது வீட்டு முற்றத்துக்கு வரும். இல்லையென்றால் வேலிக்கு அப்பால் நிற்கும்.

வெறியூட்டும் ஆற்றலில் இரு பானங்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. நாம் வழக்கமாகக் காணும் வெளிர்நிறப் பியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு அற்ககோல் உண்டு. நன்கு நொதித்த கள்ளிலும் அதனையொட்டிய அளவே இருக்கும். எனவே மரியாதைப் பன்மைக்கு இரசாயனத்தில் ஆதாரம் தேட முடியாது.

மேல்நாட்டிலே இந்த ஐயத்தைச் சோதனைக்கு உட்படுத்தியோர் உளர். 1964ஆம் ஆண்டில் அலிசன், ஊல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பியர் அருந்தும் வழக்கமுள்ளவர்களுக்குப் பெயர்த்தாள் நீக்கிய போத்தல்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். ‘என் பியர் இதுதான், வேறெதுவும் என் வாயில் வையேன்’ என்று சாதித்து வந்தவர்கள், தம் பியரை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய இயலாது எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பை வழங்கினார்கள். பின்னர் அதே பியர்களைப் பெயர்த்தாளோடு கொடுத்தபொழுது மதிப்பு உயர்ந்தது. தத்தம் பியருக்குத் தனி உயர்வும் கிடைத்தது. உள்ளிருந்த நீர் மாறவில்லை. மேலிருந்த தாள்தான் மாறியது.

இதனினும் நுட்பமான சோதனை 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. லீ, பிரெடரிக், ஏரியலி என்னும் மூவர், மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியை அடுத்த மதுக்கடைகளிலே, சாதாரணப் பியரில் முந்திரிகையிலிருந்து செய்த வினாகிரியிற் சில துளிகளை விட்டுக் கொடுத்தனர். வினாகிரி கலந்திருப்பதை அறியாது குடித்தோரிற் பெரும்பாலோர் அதனையே மிக விரும்பினர். குடிப்பதற்கு முன்னரே அறிவிக்கப்பட்டோரில் அதனை விரும்பியவர் தொகை மிகக் குறைந்துவிட்டது. மூன்றாம் கூட்டத்தாருக்குக் குடித்து முடித்த பின்னரே செய்தி சொல்லப்பட்டது. அவர்களோ அறியாது குடித்தவர்களைப் போலவே பெரிதும் அதனை விரும்பி நின்றனர். இந்த மூன்றாம் கூட்டத்திலேதான் சூட்சுமம் இருக்கின்றது. முன்னரே அறிந்தவர்கள் நாணத்தினாலோ பிறர்க்கு அஞ்சியோ ‘நன்றாயில்லை’ என்றிருந்தால், பின்னர் அறிந்தவர்களும் அவ்வாறே தம் கருத்தை மாற்றியிருப்பர். அவர்கள் மாற்றவில்லை. ஆகவே முன்னறிவு பேச்சை மட்டும் மாற்றவில்லை. நாவிலே பட்ட சுவையையே மாற்றிவிட்டது. முன்னரே அறிந்தவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே புளித்தது.

இத்தகைய மயக்கம் பாமரர்க்கே உரியதென்று எண்ண வேண்டா. பிரான்சிலே போர்தோ நகரத்தில், திராட்சை மது பற்றிய கல்வியையே பாடமாகக் கற்ற 54 மாணவர்களுக்கு வெள்ளை மதுவிற் சுவையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதன் மணத்தை விவரிக்கையிற் சிவப்பு மதுவுக்குரிய சொற்களையே எடுத்தாண்டார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு இது. கற்றோர்க்குச் சொற்கள் அதிகம். அதனால் அவர்கள் ஏமாறும்போதும் அழகாக ஏமாறுகிறார்கள்!

நம் முன்னோர் இவ்விடயத்தில் எவ்வாறு இருந்தனர்? சங்கச் செய்யுள்களைப் புரட்டினால், கள்ளுக்கு அன்று இழிவில்லை. அதியமான் இறந்தபின் அவனை நினைந்து ஔவையார் அழுத புறப்பாட்டிலே, அவனுடைய ஈகைக்கு முதற் சான்றாக வருவதே கள்தான். சிறிதளவு கிடைத்தால் அதனைப் புலவர்க்கே தந்துவிடும் மன்னன் அவன். தமிழின் மிக உயர்ந்த கையறுநிலைப் பாடல்களுள் ஒன்று கள்ளைக் கொண்டு தொடங்குகின்றது என்பதை நம் வகுப்பறைகளிற் சற்று விரைவாகவே கடந்து செல்கிறோம். அதே புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்பொழுது, யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தி ஊட்ட, அரசன் உண்டு மகிழுமாறு வாழ்த்துகிறார். கடல் கடந்து வந்த மதுவுக்குப் பொற்கலம்! பிறநாட்டுப் போத்தலுக்கு நாம் தரும் மதிப்பு நேற்றுத் தோன்றியதன்று போலும்.

பெரும்பாணாற்றுப்படையிலே இன்னொரு செய்தி உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசிக் களியைத் துழாவி ஆற வைத்து, அடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியிலே விளையவிட்டு எடுக்கும் நறும்பிழியை வருணிக்கிறார். அவ்வடை நெல் முளையை இடித்துச் செய்ததென்பது உரைவழக்கு. முளைகட்டிய தானியத்தைக் கொண்டு மாப்பொருளை வெல்லமாக்கி நொதிக்கச் செய்வது பியரின் வழியேயாகும். ஆகவே பியர் என்பது வெள்ளைக்காரன் வந்து நமக்குக் காட்டிய அதிசயமன்று. பார்லிக்குப் பதில் நெல், அவ்வளவே. இன்னுமொன்று: அக்களியை ஆற வைக்கும் வாயகன்ற கலத்துக்குப் புலவர் இட்ட பெயர் ‘பிழா’. யாழ்ப்பாணத்திலே பனையோலையை மடித்துக் கோலிக் கள்ளருந்தும் கலத்தை இன்றும் ‘பிளா’ என்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லொன்று நம் பனங்கூடலுக்குள்ளே ஓலைவடிவில் உயிரோடிருக்கின்றது. கற்றோர் அதனைக் கையால் தொடுவதில்லை. அகராதியிற் கண்டால் மட்டும் மகிழ்வர்.

பிறகு கள்ளின் பெயர் எவ்வாறு கெட்டது? காரணங்கள் பல, அறநூல்களின் கண்டனம் ஒன்று, சைவ ஆசாரம் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த மிஷனரிமாரின் மதுவிலக்குப் பிரசாரம் இன்னொன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் கள் வரித்துறையின் கைக்குட் சென்று, தவறணை, குத்தகை, மரவரி என்னும் சொற்களோடு சேர்ந்து நாறத் தொடங்கியது. ஆயின் இவை எல்லாம் பியருக்கும் சாராயத்துக்கும் ஓரளவு பொதுவானவையே. கள்ளுக்கென்றே தனியாக அமைந்த காரணம் ஒன்று உண்டு. அதனை வெளிப்படையாகச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. கள்ளை இறக்கியவர் யார் என்பதே அது.

பனையேறிச் சீவும் தொழில், யாழ்ப்பாணத்துச் சாதி ஒழுங்கிலே ஒடுக்கப்பட்ட மக்களின் தலைமேற் சுமத்தப்பட்டது. கே. டானியலின் நாவல்களைப் படித்தோர்க்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை. அத்தொழிலாளியின் கையால் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிப் பருகாதவர், அவர் முற்றத்திற் குந்தியிருந்து அவர் ஊற்றிய கள்ளைப் பருகினார். தண்ணீருக்கு இருந்த தீட்டுக் கள்ளுக்கு இல்லாமற் போன விந்தையை எந்தச் சாத்திரம் விளக்கும்? பிளா ஒருமுறை பாவித்து எறியப்படுவது; எனவே அதுவும் வசதியாயிற்று. மறுபுறத்திலே, அத்தொழிலாளி தேநீர்க் கடைக்குச் சென்றால் அவருக்குத் தனிப் பேணி, சிரட்டை, அல்லது போத்தல். 1960களின் பிற்பகுதியில் நடந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் நிகழ்ந்தவையும் இந்தப் பாத்திரப் பாகுபாட்டின் மீதும் விழுந்த அடிகளாகும். ஆக, கள்ளிலே நாம் கண்ட ‘நாற்றம்’ பாளையிலிருந்து வந்தது சிறிது. நம் நெஞ்சிலிருந்து வந்தது பெரிது.

பியரோ வேறு வழியாக இத்தீவுக்குள் நுழைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நுவரெலியாவின் குளிரையும் நீரையும் கண்ட ஆங்கிலேயர் அங்கே வடித்தார்கள். தோட்டத் துரைமாரின் பானமாகவும், கிளப்புகளின் பானமாகவும் அது மலையிலிருந்து கீழே இறங்கிற்று. அதற்குரிய பார்லி மாவூறல் இன்றும் கப்பலிலேதான் வருகின்றது. துரை குடித்ததை உத்தியோகத்தர் குடித்தார். உத்தியோகத்தர் குடித்ததை அவர் மகன் குடித்தான். ‘எடுத்தார்’ என்ற வினைமுற்று அவ்வாறு பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வடமராட்சியில் ஒரு நண்பர் வீட்டிலே நாங்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். பெரும்பாலோர் இளைப்பாறிய ஆசிரியர்கள். ஐரோப்பாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நண்பரின் மருமகன், பெல்ஜியத்துப் போத்தலொன்றைக் கொண்டுவந்து வைத்தார். கனத்த பச்சைப் போத்தல். சம்பெயின் போத்தலைப்போலத் தக்கையும் கம்பியும். விலையைக் கேட்டவுடன் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மெல்லிய கிண்ணங்களில் அளவாக ஊற்றப்பட்டது. ஒருவர் பச்சை அப்பிளின் வாசம் என்றார். மற்றொருவர், ஆங்கிலம் கற்பித்தவர், பழைய புத்தகசாலையின் மணம் இதில் இருக்கின்றது என்றார். எனக்கும் அது நேர்த்தியாகவே இருந்தது. ஒரு மூலையில் இருந்த முதியவர் மட்டும் இரண்டு மிடறு பருகி, நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு மெதுவாகச் சொன்னார்: “தம்பி, குறை நினையாதையும். இது நேற்றையான் கள்ளெல்லோ!”

அவர் சொன்னதிற் பிழையில்லை. பிரசெல்ஸ் நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறத்திலே ‘லம்பிக்’ என்றொரு பியர் உண்டு. காய்ச்சிய சாற்றை அகன்ற திறந்த தொட்டியில் இரவு முழுதும் காற்றாட விடுவார்கள். மதுவத்தை அவர்கள் இடுவதில்லை. காற்றிலும் பழைய மரப்பீப்பாக்களிலும் வாழும் காட்டு மதுவமும் பற்றீரியாவும் தாமே வந்து குடியேறி நொதிக்கச் செய்யும். ஓராண்டு முதல் மூவாண்டு வரை பீப்பாவிற் கிடக்கும். இளையதையும் முதியதையும் கலந்து போத்தலில் அடைத்தால் அதற்கு ‘கூஸ்’ என்று பெயர். புளிப்பே அதன் புகழ். நமது முட்டியிலே ஓரிரவில் நிகழ்வது அங்கே பீப்பாவிலே மூன்றாண்டில் நிகழ்கின்றது. பெல்ஜியத்துப் பியர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

முதியவரின் சொல் விழுந்தபின் அந்தக் கூடத்தில் நிகழ்ந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. முதற் கிண்ணத்தைப் புகழ்ந்த எவரும் தம் புகழ்ச்சியை மீளப் பெறவில்லை. ஆனால் இரண்டாம் கிண்ணம் பாதியிலே நின்றுவிட்டது. ‘கொஞ்சம் புளிப்பு அதிகம்’ என்றார், புத்தகசாலையை நுகர்ந்தவர். முதற் கிண்ணத்துக்கு அச்செய்தி பிந்தி வந்தது. இரண்டாம் கிண்ணத்துக்கு முந்திவிட்டது. மசாச்சுசெட்ஸ் மதுக்கடைச் சோதனையை வடமராட்சியில், ஒரு சதமும் ஆய்வுச் செலவின்றி, நாங்கள் நடத்தி முடித்திருந்தோம்.

இதன் மறுதலையும் நம் நாட்டில் நிகழ்ந்ததுண்டு. இலங்கையில் வடிக்கப்படும் ‘லயன் ஸ்டவுட்’ என்னும் கரும்பியர் நெடுங்காலம் இங்கே பெரும் பேச்சுக்குரியதாய் இருக்கவில்லை. பியரைப் பற்றி எழுதுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கிலேயர் (1942–2007, ஆடிப்பாடிய அமெரிக்கர் வேறு) இலங்கைக்கு வந்து அதனைச் சுவைத்துப் புகழ்ந்து எழுதினார். அதன்பின் அது பிறநாட்டு இரசிகர் தேடும் பொருளாயிற்று. நம்மவரும் அதனை மரியாதையோடு நோக்கலாயினர். பானம் பழையதே. சொல்லியவர் புதியவர். நம் பனங்கூடலுக்குள் அத்தகைய ஒருவர் இன்னும் வந்து குந்தவில்லை. வந்தால் பிளாவும் ஒருநாட் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிடும்.

கள்ளின் மீது சொல்லப்படும் குறை முழுவதும் மனமயக்கமே என்று நான் வாதிக்க வரவில்லை. காலையில் இறக்கிய கள் இனிக்கும்; மாலையிற் காரமேறும்; மறுநாட் புளிக்கும்; சில நாட் கழிந்தால் வினாகிரியாகிவிடும். நீரும் வேறு பொருளும் கலந்து விற்போரும் இருந்தனர். பியர்ப் போத்தலோ பருத்தித்துறையிற் திறந்தாலும் பண்டாரவளையிற் திறந்தாலும் ஒன்றே. வாங்குபவர் அந்த நிச்சயத்துக்கும் விலை கொடுக்கிறார். அதனைக் குறை சொல்லல் ஆகாது. ஆனால் புளிப்பும் மாற்றமும் பெல்ஜியத்தில் நிகழ்ந்தால் ‘ஆண்டின் குணம்’ என்றும், பளையில் நிகழ்ந்தால் ‘பழுது’ என்றும் சொல்லுகின்றோமே, அங்கேதான் பெயர் நாவை ஆளுகின்றது.

இதனால் வருத்தமுறுவோர் நாவுடையோர் அல்லர், மரம் ஏறுவோர். 1972 முதல் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்து, தொழிலாளர் தம் கள்ளைத் தாமே ஒப்படைத்து விற்கும் வழி பிறந்தது; தவறணைக் குத்தகைக்காரரின் பிடி தளர்ந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை உண்டாயிற்று. திக்கத்தில் வடிசாலை எழுந்து, போரினால் அடிபட்டது. சங்கங்கள் கள்ளைப் போத்தலிலும் அடைத்தன. இவை சிறிய செயல்களல்ல. ஆயினும் பருவ காலம் முழுவதும் காலையும் மாலையும் தளநார் பூட்டி ஏறி இறங்குகின்ற ஒருவருக்கு, தம் மகனை அத்தொழிலிலே விடும் எண்ணம் பெரும்பாலும் இல்லை. உழைப்பின் கடுமை மட்டுமன்று காரணம். விழுந்தால் முதுகெலும்பு முறியும், விழாவிட்டாலும் ‘அவன்’ என்ற ஒருமை மாறாது.

கடலுக்கு அப்பால் நிலைமை இன்னும் விசித்திரமானது. பனையை மாநில மரமாகக் கொண்ட தமிழ்நாட்டிலே 1987 முதற் கள்ளிறக்கத் தடை. அதே அரசின் கடைகளிலோ பியர் விற்பனையாகின்றது. மரத்துக்கு மரியாதை, மரத்தின் சாற்றுக்கு வழக்கு!

சென்ற பங்குனியிலே தென்மராட்சியில் ஒரு சீவற் தொழிலாளியோடு உரையாடிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதைக் கடந்தவர். கள்ளிலே வேறுபாடு தெரியுமா என்று கேட்டேன். என் அறியாமையைப் பொறுத்துக்கொள்ளும் புன்னகையோடு சொன்னார்: “வாத்தியார், உந்தக் கிணத்தடி ஆண்பனை வேற, அந்த வேலிக்கரைப் பெண்பனை வேற. கண்ணைக் கட்டிப்போட்டுத் தந்தாலும் எந்த மரமெண்டு சொல்லுவன். மழைக்கு முந்தின கள்ளும் பிந்தின கள்ளும் ஒண்டில்லை.”

அவர் தினமும் ஏறும் மரங்கள் பன்னிரண்டு. பன்னிரண்டுக்கும் தனித்தனி குணம் சொன்னார். ஒன்றின் கள் பிந்தியே புளிக்கும், ஒன்றில் இளநீரின் வாடை, ஒன்று பங்குனி கடந்தாற்றான் நன்றாகும். பெல்ஜியத்திலே இளையதையும் முதியதையும் கலப்பவர்க்குரிய அறிவு இது. அங்கே அவர்களுடைய பெயரைப் போத்தலில் அச்சிடுகிறார்கள். “இதையெல்லாம் குடிக்க வாறவையிட்டச் சொல்லுறனீங்களோ, அண்ணை?” என்றேன்.

“ஆர் கேக்கினம்?” என்றார். முட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சங்கத்துக்குக் கொண்டுபோகும் பெரிய கானிலே, பன்னிரண்டு மரத்துக் கள்ளையும் ஒன்றாக ஊற்றத் தொடங்கினார்.